கிளட்ச் கோளாறு: கியர் பெட்டியை இறக்குமுன்

கிளட்சை முழுவதும் மிதித்தும் கியர் விழாமல் 'கரகர'வென்று முரண்டு செய்தால், "கியர் பெட்டியை இறக்கணும் சார்" என்பார் மெக்கானிக். செலவு பெரியது, கொஞ்சம் பொறுங்கள். டாடா சுமோ போல ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பழைய வண்டிகளில் கோளாறு பல நேரம் வெளியிலேயே இருக்கும்.

பெடலை நாலைந்து முறை விட்டு விட்டு மிதியுங்கள். பிறகு கியர் சுலபமாக விழுந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம். பெடலுக்கு மேலே ஈரம் கசிந்தால் மாஸ்டர் சிலிண்டர்; கியர் பெட்டியருகே ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரமென்றால் அதுதான். எங்கும் கசிவில்லை, ஆனால் சிக்னலில் கிளட்சை மிதித்து நிற்கும்போது வண்டி தானே முன்னே நகர்கிறதா? மாஸ்டர் சிலிண்டரின் உட்சீல் போயிருக்கலாம். இது ஆபத்து, தள்ளிப்போடாதீர்கள்.

குறைந்த மட்டத்துக்கு, மூடியில் குறித்துள்ள பிரேக் ஆயிலையே ஊற்றுங்கள். என்ஜின் ஆயில் பட்டால் சீல்கள் உப்பிக் கெடும்.

கடைசிச் சோதனை: என்ஜினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து (ரயில்வேயில் கட்டையில்லாமல் வண்டிக்கடியில் யாரையும் விடமாட்டோம்), ஒருவரை மிதிக்கச் சொல்லி ஸ்லேவின் தண்டைக் கவனியுங்கள். தண்டு முழுத்தூரம் நகர்ந்தும் கியர் விழவில்லையானால், மெக்கானிக் சொன்னபடி பெட்டியை இறக்கலாம்.