மருந்தா, விஷமா? டப்பாவின் மேல் இருக்கும் நான்கு நிறங்களைப் படிப்போம்



சில மாதங்களுக்கு முன்பு ஏற்காடு மலையில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். ஏற்றம் ஏறிப் போனதால் நல்ல தாகம். உறுப்பினர் ஒருவர் வெள்ளை கேனிலிருந்து சொம்பில் ஊற்றித் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தோம். கூட்டம் முடிந்து கிளம்பும்போதுதான் கேனின் பக்கவாட்டைப் பார்த்தோம். லேபிள் கிழிந்து, ஒரு ஓரம் மட்டும் ஒட்டிக் கொண்டிருந்தது. அதில் மங்கலான மஞ்சள் முக்கோணம்.

"நல்லா சோப்பு போட்டு நாலு தடவ கழுவினதுங்க மேடம். எஸ்டேட்ல சும்மா கெடந்துச்சு, தண்ணி புடிக்க ஆகும்னு எடுத்தாந்தேன்" என்றார் அவர். அவர் மீது தப்பில்லை. அந்த மஞ்சள் நிறம் என்ன சொல்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. மாதா மாதம் வந்து போகும் நாங்களும் சொன்னதில்லை. ஆகவே இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. ஊக்குநர்கள் கூட்டத்தில் வாய்விட்டு வாசிக்கக் கேட்டுக் கொள்கிறோம்.

பெயரிலேயே ஒரு குழப்பம்

நாம் "மருந்து அடிக்கப் போறேன்" என்கிறோம். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, காபிச் செடிக்கு அடிப்பதும் மருந்து. அதே மருந்தை ஒருவர் குடித்துவிட்டால் மட்டும் "விஷம் குடிச்சிட்டா" என்கிறோம். டப்பாவுக்குள் இருப்பது இரண்டு நேரத்திலும் ஒன்றுதான். பூச்சியைக் கொல்வதற்காகச் செய்யப்பட்ட நஞ்சு அது. ஆளைப் பார்த்து அது வேலை செய்யாது.

இந்த நிறங்கள் எப்படி வந்தன?

1958-ஆம் ஆண்டு கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் 100-க்கும் மேற்பட்டோர் உணவு சாப்பிட்டு இறந்தார்கள். பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி, கப்பலில் உணவுப் பொருளோடு சேர்த்து ஏற்றி வரப்பட்டபோது கசிந்து கலந்துவிட்டது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-ல் அதற்கான விதிகளும் வந்தன. ஒவ்வொரு டப்பாவிலும் அதன் நச்சுத்தன்மையை நிறத்தால் காட்ட வேண்டும் என்பது அந்த விதிகளில் ஒன்று. எழுத்துப் படிக்காதவருக்கும் புரியட்டும் என்பதுதான் நோக்கம்.

டப்பாவில் எங்கே பார்ப்பது?

சதுரத்தை ஒரு முனையில் நிறுத்தி வைத்தது போல ஒரு கட்டம் இருக்கும். அது நடுவில் பிரிந்து இரண்டு முக்கோணமாக இருக்கும். மேல் முக்கோணத்தில் எச்சரிக்கைச் சொல், கீழ் முக்கோணத்தில் நிறம். லேபிளில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாத அளவில் இது இருக்க வேண்டும்.

1. சிவப்பு – மிகக் கொடிய நஞ்சு. மண்டை ஓடும் குறுக்கெலும்பும், "பாய்சன்" என்ற சொல்லும் இருக்கும். உதாரணம்: மோனோகுரோட்டோபாஸ், போரேட் குருணை.

2. மஞ்சள் – கடும் நஞ்சு. "பாய்சன்" என்ற சொல் இருக்கும், மண்டை ஓடு இருக்காது. உதாரணம்: குளோர்பைரிபாஸ், களைக்கொல்லியான பாராகுவாட்.

3. நீலம் – நடுத்தர நஞ்சு. "டேஞ்சர்", அதாவது அபாயம் என்று இருக்கும். உதாரணம்: மாலத்தியான்.

4. பச்சை – குறைந்த நஞ்சு. "காஷன்", அதாவது கவனம் என்று இருக்கும். உதாரணம்: மேன்கோசெப்.

எதை வைத்து இப்படிப் பிரித்தார்கள்?

ஆய்வுக்கூடத்தில் எலி போன்ற பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பாதிப் பிராணிகள் இறக்க, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் தேவைப்பட்டது என்று கணக்கிடுகிறார்கள். வாய்வழி என்றால் 1 முதல் 50 வரை சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. எண் சிறிதாக இருந்தால் நஞ்சு பெரிது. தோல்வழிக்கும் இதேபோல் தனிக் கணக்கு உண்டு.

"ஒரு கிலோ எடைக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு ஆபத்தான அளவில் ஐந்தில் ஒரு பங்கே 10 கிலோ குழந்தைக்குப் போதும். புடவை முந்தானையில் பட்டதைக் குழந்தை வாயில் வைத்துச் சப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிறம் சொல்லாத விஷயங்கள்

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. நிறம், உடனே ஏற்படும் ஆபத்தை மட்டுமே சொல்கிறது. பத்து வருடம் கழித்து வருவதை அது சொல்லாது.

நம் மலை அரபிகா காபி மலை. அரபிகாவுக்குப் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அதற்காகப் பல வருடங்கள் தண்டுப் பட்டையைத் தேய்த்து, லிண்டேன் மருந்தைத் துணியால் பூசச் சொன்னார்கள். பூசியது பெரும்பாலும் கைதான், அதுவும் வெறும் கை. 2013-ல் இந்தியாவில் லிண்டேன் பயன்பாடு தடை செய்யப்பட்டது. 2015-ல், அது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. பூசிய காலத்தில் டப்பாவின் நிறம் இதைச் சொல்லவில்லை.

எண்டோசல்பான் கதையும் இதேதான். கேரளத்தில் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் 1970-களிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். அங்குள்ள மக்கள் பிறவிக் குறைபாடுகளாலும் நோய்களாலும் பட்ட துன்பத்தை நாடே பார்த்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பச்சை நிறத்தில் உள்ள மேன்கோசெப்பைக்கூட, இனப்பெருக்கத்துக்கும் உடலின் ஹார்மோன்களுக்கும் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் நிறுத்த முடிவு செய்தது.

நிறம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. பாராகுவாட் மஞ்சள்தான், சிவப்பு இல்லை. ஆனால் அது உடம்புக்குள் போய்விட்டால் முறிவு மருந்து கிடையாது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப் போகும். ஆகவே "மஞ்சள்தானே, பச்சைதானே" என்று யாரும் சொல்லக் கூடாது.

நாமே மூன்று கேள்வியால் பிரித்துப் பார்ப்போம்

எந்த டப்பாவைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, உடம்புக்கு என்ன செய்யும்? வாய், மூச்சு, தோல், கண் என்று நான்கு வாசல்கள் இருக்கின்றன. வாயை மட்டும் மூடினால் போதாது. தெளிப்பவருக்கு அதிகம் உள்ளே போவது தோல் வழியாகத்தான். வேர்வையில் நனைந்த ஜாக்கெட், வெறுங்கால், கையில் உள்ள கீறல் எல்லாமே திறந்த கதவுகள். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்த தொழிலாளர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் யாரும் குடிக்கவில்லை, தெளித்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டு, தீயோ வாயுவோ உண்டா? எண்ணெய் போல இருக்கும் பல மருந்துகள் தீப்பிடிக்கும். அவற்றை அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது. தானிய மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக்காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற விஷ வாயுவை விடும். அதைப் பயிற்சி பெற்றவர்தான் கையாள வேண்டும். மூட்டை அடுக்கிய அறையில் குழந்தைகளைப் படுக்க வைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

மூன்று, மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும்? குளோர்பைரிபாஸ் மீனுக்கும் தேனீக்கும் கொடியது. நாம் மலை மேல் இருக்கிறோம். நம் ஓடையில் கழுவிய ஸ்பிரேயர் தண்ணீர், கீழே இன்னொரு ஊரின் குடத்துக்குத்தான் போகிறது.

கூடைக்குள் இருக்கும் நாகப்பாம்பின் விஷம் குறையாது. ஆனால் கூடையைத் திறப்பதும் திறக்காததும் நம் கையில் இருக்கிறது. நிறம் என்பது பாம்பின் விஷம். நமக்கும் அதற்கும் உள்ள தொடர்பைக் குறைப்பதுதான் நாம் செய்யக்கூடிய வேலை.

"கழுவினா போதாதா?"

பிளாஸ்டிக் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்ததுதான் காரணம் என்று விசாரணையில் சொல்லப்பட்டது. சத்துணவு சமைக்கும் நம் சகோதரிகள் இதை மனதில் நிறுத்த வேண்டும். காலி கேனை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்ற வேண்டும். பிறகு கேனை ஓட்டை போட்டு உடைத்து, வீட்டுக்கும் ஓடைக்கும் தள்ளிப் புதைக்க வேண்டும். எரிக்கக் கூடாது, பழைய சாமான் வியாபாரிக்கும் போடக் கூடாது.

வீட்டு மூலையில் லிண்டேன், எண்டோசல்பான், போரேட் என்று பழைய டப்பா கிடந்தால் பயன்படுத்தாதீர்கள். போரேட்டும் 2020 டிசம்பர் 31 முதல் தடை. அவற்றை ஓடையில் கொட்டாமல், வேளாண்மை அல்லது தோட்டக்கலைத் துறை அலுவலரிடம் கேட்டு ஒப்படையுங்கள்.

வேலைக்குப் போகும் இடத்தில் கேட்க வேண்டியவை

கையுறை, முகமூடி, பூட்ஸ், முழுக்கை உடை ஆகியவற்றைத் தருவது வேலை கொடுப்பவர் பொறுப்பு. மருந்து தெளிப்பவர்களுக்கு வேலையில் சேர்க்கும் முன்பும், அதன் பிறகு குறித்த காலத்துக்கு ஒரு முறையும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. "கூலியக் கேக்கவே பயமா இருக்கு, கையுறைய எப்படிக் கேக்கறது?" என்று ஒரு சகோதரி எங்களிடம் கேட்டார். உண்மைதான். தனியாகக் கேட்டால் "நாளைக்கு வேலைக்கு வராதே" என்று சொல்லிவிடலாம். பன்னிரண்டு பேர் தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மருந்து கலக்கும் வேலைக்கே போக வேண்டாம்.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

தலைச்சுற்றல், வாந்தி, எச்சில் ஒழுகுதல், அதிக வேர்வை, கண்ணின் பாப்பா சிறுத்துப் போதல், தசை துடித்தல், மூச்சுத் திணறல் – இவை விஷத்தின் அறிகுறிகள். "வெயில்ல மயக்கம்" என்று படுக்க வைக்காதீர்கள்.

• நஞ்சு பட்ட துணியை உடனே கழற்றி, உடம்பை சோப்பு போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் விடுங்கள்.
• குடித்தவருக்கு உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர் என்று எதையும் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.
• உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். டப்பாவை அல்லது லேபிளைக் கையோடு கொண்டு போங்கள். நஞ்சுக்கு நஞ்சு சிகிச்சை மாறும். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் நேரம் வீணாக்காமல் ஆரம்பிக்க முடியும்.

சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நமக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. இதைக் குழு நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள்.

மனசு நொந்து போன நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் டப்பா இருப்பதுதான் பல வீடுகளில் உயிரைப் பறித்திருக்கிறது. பூட்டி வைத்த பெட்டி அந்தக் கோப நேரத்தைத் தாண்ட வைக்கும். பேச ஆள் வேண்டும் என்றால் 104-ஐக் கூப்பிடலாம், பக்கத்து வீட்டுக் குழு சகோதரியையும் கூப்பிடலாம்.

குழுவில் கலந்துரையாட

1. நம் வீட்டில் உள்ள டப்பாக்களின் நிறம் என்ன? அவற்றை எங்கே வைத்திருக்கிறோம்?
2. மருந்து கேனில் தண்ணீர், எண்ணெய், மண்ணெண்ணெய் வைத்திருக்கிறோமா?
3. தோட்டத்தில் கையுறை கேட்க யார் யார் சேர்ந்து போகலாம்?

முடிவைத் தீர்மான நோட்டில் எழுதிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

பாடத்தின் தொடக்கத்தில் சொன்ன குழுவுக்கு மறுமாதம் போனோம். வெள்ளை கேன் இல்லை. சேமிப்புப் பணத்தில் சின்னக் கடன் எடுத்து ஒரு எவர்சில்வர் குடம் வாங்கியிருந்தார் அந்தச் சகோதரி. அதிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கூட்டத்தை ஆரம்பித்தோம்.