தென்னைக்குப் போட்ட பசளை தென்னைக்கே சேர...

மாரி தொடங்கினால் இரணைமடுப் பக்கத்துத் தென்னங்காணிகளில் பசளை மூட்டை அவிழும். அடைமழைக்கு முதல்நாள் போட்ட யூரியா மறுநாள் வாய்க்காலோடு போய்விடும். காசும் நட்டம், கிணற்றுக்கும் கேடு. இதைத் தவிர்க்கச் சில குறிப்புகள்:

1. முதல் மழையில் மண் நன்றாக நனைந்தபின், மழை விட்ட நாளில் போடுங்கள். ஒரு பிடி மண்ணை அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும்; விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தால் பொறுங்கள்.

2. யூரியாவை மட்டும் அள்ளிப் போடாதீர்கள். காய்க்கும் தென்னை ஒன்றுக்கு லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் வறண்ட வலயத்துக்குச் சொல்லும் வருட அளவு: யூரியா 800 கிராம், பாறைப் பொசுபேற்று 600 கிராம், மியூரியேற்றுப் பொட்டாசு 1600 கிராம். பாதிக்கு மேல் பொட்டாசுதான் என்பதைக் கவனியுங்கள்.

3. அடிமரத்தைச் சுற்றி ஐந்தரை அடி ஆரமுள்ள வட்டத்துக்குள் புல்லைச் செருக்கி, தூவி, மண்ணோடு கொத்திக் கலந்து மூடுங்கள். மேலே கிடக்கும் யூரியா காற்றோடும் போகும்.

4. மணல் தரையென்றால் ஒரேயடியாகப் போடாமல், மாரித் தொடக்கத்தில் பாதி, மாரி முடிவில் மீதி.

5. காணி சரிவாக இருந்தால் மரத்தின் பள்ளப் பக்கம் பிறைபோல் சிறு வரம்பு கட்டுங்கள்.

6. பொச்சுமட்டையை எரிக்காமல் வட்டத்துக்குள் பரப்புங்கள். ஈரம் காக்கும், பொட்டாசியமும் தரும். குழிப்பக்கம் நிலத்தைப் பார்க்கட்டும். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும்.

7. வேலியில் சீமைக்கிளுவை நடுங்கள். குழையை வெட்டி மரத்தடியில் இட்டால் நைதரசன் மெல்ல மெல்லக் கிடைக்கும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது இந்த வேலியின் அருமை தெரிந்தது.

8. அடியோலைகள் மஞ்சளித்து, நிழல் விழும் பகுதி மட்டும் பச்சையாக இருந்தால் அது மக்னீசியக் குறை. டொலமைற் போடுங்கள், யூரியா வேண்டாம்.

9. கிணற்றடியில் பசளை கலக்கவோ வாளி கழுவவோ கூடாது. பசளையிலிருந்து சேரும் நைத்திரேற்று குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கொதிக்க வைத்தாலும் அது போகாது. கைக்குழந்தைகளை அது கூடுதலாகப் பாதிக்கும் என்பதால், போத்தல்பால் குடிக்கும் குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள்.