மறைவில் செய்த தவறுக்குச் சாட்சி

கேள்வி: யாரும் பார்க்காத இடத்தில் செய்யும் தவறுக்குச் சாட்சி யார்? திருக்குறள் இதற்கு விடை தருகிறதா?

பதில்: தருகிறது. அறத்துப்பாலின் 28-ஆம் அதிகாரமான கூடாவொழுக்கம், அதாவது துறவுக்கோலம் பூண்டவர் மறைவில் அதற்கு மாறாக நடக்கும் பொருந்தா ஒழுக்கம், இந்த வினாவையே எதிர்கொள்கிறது. வஞ்சகன் பிறர் கண்ணுக்குத் தப்பினாலும், அவன் உடலாக அமைந்த நிலம், நீர், தீ, காற்று, வெளி என்னும் ஐம்பூதங்கள் உள்ளிருந்தே அவனைக் கண்டு நகைக்கும் என்று அதன் முதற்குறள் கூறுவதால், சாட்சி தசையிலும் மூச்சிலும் கலந்திருக்கிறது. அதைவிட்டு விலகி ஓட அவனுக்கு இடமே இல்லை. தண்டனையைக் கூறாமல் நகைப்பை வள்ளுவர் தேர்ந்தது பெரிதும் வியக்கத்தக்கது. அடுத்து வரும் கள்ளாமை என்னும் அதிகாரமோ இன்னும் உள்ளே சென்று, பிறர் பொருளைக் களவால் கொள்ளலாம் என எண்ணுவதையே, கை நீளும் முன்பே, தீது என்கிறது.