எதைப் பொதுவாக்குவது, எதை விட்டுவிடுவது

மல்லேஸ்வரம், பெங்களூரு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய குறிப்பை நிதானமாகப் படித்தேன். உங்கள் ஆபீஸில் நான்கு டீம், நான்கு ஃபிரேம்வொர்க்: ஜாங்கோ, ஃபிளாஸ்க், எக்ஸ்பிரஸ், ஸ்பிரிங் பூட். இனி எல்லாரும் ஒன்றில்தான் எழுத வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. அந்த ஒன்று எது என்று எழுதித் தரும் பொறுப்பு உன் தலையில். எதைச் சொல்லலாம் என்று என்னைக் கேட்கிறாய். அதற்கு முன்னால் நீ கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது: எது பொதுவாக இருந்தே ஆக வேண்டும், எதை அவரவர் விருப்பத்துக்கு விடலாம்?

2003-இல் பைத்தான்காரர்களுக்கு இதே சிக்கல் வந்தது. ஸோப், குவிக்ஸாட், வெப்வேர், ட்விஸ்டட் வெப் என்று ஃபிரேம்வொர்க்குகள் குவிந்துகிடந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது ஓடக்கூடிய சர்வரையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டிய நிலை. ஜாவாவில் சர்வ்லெட் என்ற பொது ஏற்பாடு இருந்ததால் அவர்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. அந்த டிசம்பரில் ஃபிலிப் ஜே. ஈபி 'பெப் 333' என்ற வரைவை எழுதினார். டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்று நீங்கள் சொல்வது அதைத்தான். எந்த ஃபிரேம்வொர்க் சிறந்தது என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை. சர்வரும் அப்ளிகேஷனும் சந்திக்கும் இடத்தை மட்டும் வரையறுத்தார். சர்வர் ஒரு ஃபங்ஷனை அழைக்கும். அதற்கு இரண்டே ஆர்க்யுமென்ட்: வந்த ரிக்வெஸ்டின் விவரமெல்லாம் அடங்கிய ஒரு டிக்ஷனரி, பதிலின் ஸ்டேட்டஸையும் ஹெடர்களையும் தெரிவிக்க ஒரு ஃபங்ஷன். திரும்பி வருவது பதிலின் உள்ளடக்கம், துண்டு துண்டாக. அவ்வளவுதான்.

இவ்வளவு சின்ன ஒப்பந்தம் எவ்வளவு பேருக்கு இடம் கொடுத்தது என்று பார். 2005-இல் வெளிவந்த ஜாங்கோ அதன்மேல் ஓடுகிறது. 2006-இல் ஆரன் ஸ்வார்ட்ஸ் வெளியிட்ட வெப்.பை அதன்மேல் ஓடுகிறது. 2010-இல் ஆர்மின் ரோனாகர் கொண்டுவந்த ஃபிளாஸ்க்கும் அப்படித்தான். ரூபிக்காரர்கள் இதைப் பார்த்து 'ரேக்' என்ற தங்கள் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டார்கள். வெப்.பையைப் பிற்பாடு பராமரித்தவர் ஆனந்த் சிட்டிபோத்து. ஜாங்கோ பெரிதாக வளர்ந்த பிறகும் அந்தச் சின்ன ஃபிரேம்வொர்க்குக்கு ஒரு வாழ்வு இருந்தது. ஓப்பன் லைப்ரரி அதில்தான் கட்டப்பட்டது.

இன்னொரு உதாரணம் உன் தாய்மொழியிலேயே இருக்கிறது. நீ குழந்தையாக இருந்த காலத்தில் தமிழ்த் தளம் ஒன்றைத் திறந்தால், அந்தத் தளத்துக்கான எழுத்துருவை முதலில் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் திரை முழுக்கப் புரியாத குறிகள். ஒவ்வொரு எழுத்துருவும் 'அ'வுக்கு ஓர் எண்ணைத் தன்னிஷ்டப்படி வைத்திருந்தது. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் தேட முடியாது. இதைத் தீர்க்க 1997-இல் சிங்கப்பூரில் கூடிப் பேசினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என இரண்டு குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் பரிந்துரைத்தார்கள். இணையத்தில் டிஸ்கி என்ற இன்னொரு குறியேற்றமும் புழங்கியது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இன்று 'அ'வுக்கு எண் ஒன்றே. ஆனால் விசைப்பலகை ஒன்றாகவில்லை, கவனித்தாயா? உன் அம்மா ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கிறாள், நான் தமிழ் 99-இல் அடிக்கிறேன், பழைய தட்டச்சு முறையை விடாதவர்களும் உண்டு. மூவரும் எழுதியது ஒரே மாதிரி போய்ச் சேர்கிறது. விசைப்பலகையை ஒன்றாக்கக் காத்திருந்தால் தமிழ் இணையத்துக்கு வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது உன் குறிப்புக்கு வருகிறேன். உங்கள் நான்கு டீமும் ஒரே மொழியில் எழுதவில்லை; ஆகவே டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. போதாது. உங்கள் சந்திப்பு இடம் ஏ.பி.ஐ.தான். அங்கே என்ன நடக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு டீம் தேதியை 05-03-2024 என்று அனுப்புகிறது. அது மார்ச்சா, மே மாதமா என்று அடுத்த டீமுக்குத் தெரியவில்லை. மூன்றாவது டீம் மில்லிசெகண்ட் எண்ணாக அனுப்புகிறது. இன்னொன்று தவறு நேர்ந்தாலும் 200 என்று ஸ்டேட்டஸ் கொடுத்து, உள்ளே 'ஃபெயில்' என்று எழுதுகிறது. எல்லாரையும் ஸ்பிரிங் பூட்டுக்கு மாற்றினாலும் இந்தக் கோளாறு அப்படியே கூட வரும், கண்ணம்மா. தேதிக்கு ஐ.எஸ்.ஓ. 8601, தவறுகளுக்கு ஒரே வடிவம், லாகினுக்கு ஒரே டோக்கன், லாகுக்கு ஒரே அமைப்பு, ஒவ்வொரு சேவைக்கும் ஓப்பன் ஏ.பி.ஐ. விவரணம்: இவற்றில் விட்டுக்கொடுக்காதே. இங்கே கண்டிப்பு வேண்டும்.

மேலிடத்தார் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜாங்கோவின் எல்.டி.எஸ். பதிப்பு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும், மூன்று வருஷம் தாங்கும். இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. நான்கு ஃபிரேம்வொர்க் என்றால் பாதுகாப்புத் திருத்தங்களை நான்கு இடத்தில் கவனிக்க வேண்டும். ராத்திரி ஒரு சேவை விழுந்தால் எழுப்புவதற்கு ஆள் அந்த டீமில் மட்டும்தான். ஆகவே இனி எழுதுவதற்கு ஃபிளாஸ்க் டீமும் ஜாங்கோ டீமும் பேசி ஒன்றுக்கு வரட்டும்; ஒரே மொழியில் இரண்டு வைத்துக்கொள்ள உங்கள் அளவு ஆபீஸுக்குக் காரணம் இல்லை. புதிதாக ஒரு ஃபிரேம்வொர்க்கைக் கொண்டுவருகிறவர் அதை மூன்று வருஷம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும்.

ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் இடித்துக் கட்டாதே. ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஃபிரேம்வொர்க்தான் எங்கள் ஸ்டாண்டர்ட் என்று முடிவெடுத்தவர்களுக்கு 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வேறொரு பொருளாகவே வந்தது. பழையதற்கான ஆதரவு 2021 கடைசியோடு நின்றது. நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் சொந்தக்காரர் வேறொருவர். விலைக் கணக்கு, வரிக் கணக்கு போன்ற உங்கள் தொழிலின் விதிகளை ஃபிரேம்வொர்க்கின் கிளாஸ்களுக்குள் புதைக்காமல் தனி மாட்யூலாக வைத்துக்கொள்ளச் சொல்.

மீட்டிங்குக்கு முன்னால் நான்கு டீமிடமும் அவர்கள் வெளியே அனுப்பும் ஒரு ஜேசன் பதிலை வாங்கு. நான்கையும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சடித்து மேசைமேல் வை. ஃபிரேம்வொர்க் பேச்சை அதற்குப் பிறகு எடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தத் தாளை எனக்கும் காட்டு. தேதி வடிவத்தை எங்கே மாற்ற ஆரம்பிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா