கால்நடை ஈக்களும் பூச்சிக்கொல்லியின் ஆயுளும்

பூச்சிக்கொல்லி வாங்கும் விவசாயி மருந்துக்கு விலை தருகிறார். அம்மருந்துக்கு ஈ கட்டுப்படும் வரையில்தான் அவர் தந்த விலைக்குப் பயன் உண்டு. இவ்வாறு கட்டுப்படும் தன்மை எவருடைய தனிச் சொத்தும் அன்று. மேய்ச்சல் நிலத்தைப் போல அதுவும் ஊருக்குப் பொதுவானது. அளவின்றிப் பயன்படுத்தினால் தீர்ந்துபோகக் கூடியது. எனவே ஈக்களின் எதிர்ப்புத் திறனைப் பூச்சியியல் சிக்கலாக மட்டுமின்றி, பொருளாதாரச் சிக்கலாகவும் கருத வேண்டும்.

கொம்பு ஈ தரும் பாடம்

இதற்கு அமெரிக்க நாட்டின் அனுபவம் நல்ல சான்று. 1880களில் ஐரோப்பாவிலிருந்து அங்குப் பரவிய கொம்பு ஈ, மாட்டின் உடலிலேயே தங்கி நாளொன்றுக்கு இருபது முறைக்கு மேல் இரத்தம் உறிஞ்சுவது. இதனால் பாலும் எடையும் குறைகின்றன. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில், பைரித்ராய்டு வகை மருந்து கலந்த காது வில்லைகள் விற்பனைக்கு வந்தன. ஒருமுறை பொருத்தினால் பல மாதங்கள் மருந்து கசியும், வேலையும் குறைவு. ஆதலால் அவை விரைந்து பரவின. ஆனால் அப்பத்தாண்டின் நடுப்பகுதிக்குள்ளாகவே தென் மாநிலங்கள் பலவற்றில் அவ்வில்லைகள் பயனற்றுப் போயின.

காரணம் யாது?

மருந்து எதிர்ப்புத் திறனை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே சில ஈக்களிடம் உள்ள அத்திறனைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறது. மற்றவை மடிய, அவையே எஞ்சி இனம் பெருக்குகின்றன. வெப்பக் காலத்தில் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் ஒரு தலைமுறை உருவாவதால் மாற்றம் விரைவாக நிகழ்கிறது. வீரியம் குறைந்த பழைய வில்லையை மாட்டின் காதிலேயே விட்டுவைத்தால், ஓரளவு எதிர்ப்புள்ள ஈக்களும் பிழைத்துக் கொள்கின்றன.

டி.டி.டி.யும் பைரித்ராய்டுகளும் ஈயின் நரம்பில் ஒரே இடத்தையே தாக்குகின்றன. அவ்விடத்தில் ஏற்படும் ஒரு மரபணு மாற்றம் இரண்டையும் வலுவிழக்கச் செய்யும். டெல்டாமெத்ரினுக்குப் பதில் சைபர்மெத்ரின் வாங்குவது பெயர் மாற்றமே. இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

மேலாண்மை நெறிகள்

1. ஈயைக் கண்டவுடன் மருந்திடலாகாது. கொம்பு ஈயைப் பொறுத்தவரை, மாடு ஒன்றுக்குச் சுமார் 200 ஈக்கள் என்பதே சிகிச்சைச் செலவுக்கு ஈடான இழப்பு தொடங்கும் எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

2. செயல்படும் முறையில் வேறுபட்ட மருந்து வகைகளை ஆண்டுக்கு ஆண்டு மாற்றிப் பயன்படுத்த வேண்டும்.

3. குறித்த அளவைக் குறைக்கக் கூடாது. காது வில்லைகளைப் பருவ முடிவில் அகற்ற வேண்டும்.

4. ஈத் தொல்லை குறைந்த கால்நடைகளை மருந்திடாமல் விடலாம். அங்குப் பிழைக்கும், மருந்துக்குக் கட்டுப்படும் ஈக்கள் எதிர்ப்புள்ளவற்றோடு கலந்து, எதிர்ப்பின் பரவலைத் தாமதப்படுத்தும்.

5. கொம்பு ஈ புதுச் சாணத்தில் முட்டையிடுகிறது. தொழுவத்தில் கடிக்கும் ஈயோ அழுகிய வைக்கோலிலும் சாணக் குப்பையிலும் பெருகுகிறது. சாணத்தை நாள்தோறும் அகற்றி எருக்குழியில் மூடுவதற்கு எதிராக எந்த ஈயும் எதிர்ப்புத் திறன் பெறுவதில்லை.

நமக்கு உரியது

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகளும் சுமார் 11 கோடி எருமைகளும் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி சிறு உடைமையாளர்களுடையவை. டெல்டாமெத்ரினை எதிர்க்கும் மாட்டு உண்ணிகள் நம் மாநிலங்கள் சிலவற்றில் ஏற்கெனவே கண்டறியப்பட்டுள்ளன. 2022இல் பெருமளவில் பரவிய தோல் கழலை நோயைக் கடிக்கும் ஈக்களும் பரப்பக் கூடும். அத்தகைய நெருக்கடியில் கையிலுள்ள மருந்து பலிக்காவிடில், இரண்டு மாடுகளையே நம்பி வாழும் குடும்பமே முதலில் பாதிக்கப்படும்.

மேய்ச்சல் நிலம் பொதுவாக இருக்கையில், ஒருவர் மட்டும் நெறியைக் கடைப்பிடிப்பதால் பயன் சிறிதே. அவர் காத்த பலனை அண்டை வீட்டாரின் அரைகுறை மருந்து அழித்துவிடும். ஆகவே முடிவெடுக்கும் அலகு தனி விவசாயியாக அன்றி, கிராமமாக இருத்தல் வேண்டும். அவ்வாண்டுக்கு உரிய மருந்து வகையைக் கால்நடை மருந்தகமும் பால் கூட்டுறவுச் சங்கமும் கூடி முடிவு செய்து, அதையே ஊர் முழுவதும் வழங்கலாம். மருந்தின் பெயரோடு அதன் வகையையும் விவசாயிக்கு உள்ளூர் மொழியில் எடுத்துரைப்பது விரிவாக்கப் பணியாளரின் கடமை.

புதிய மருந்தைக் கண்டறிய ஆண்டுகளும் பெரும்பொருளும் தேவை. இருப்பதன் ஆயுளை நீட்டிக்கச் சிறிது கட்டுப்பாடும் ஊர் ஒற்றுமையுமே போதும்.