முடிவு எப்படி வந்தாலும் முழுதாக எழுதுங்கள்

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

உங்கள் கடிதமும் எம்.டி. தீசிஸ் வரைவும் கிடைத்தன. நீங்கள் சோதித்த மருந்துக்கும் வழக்கமான சிகிச்சைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பி மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கவில்லை. "நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களை மட்டும் தனியாகப் பார்த்தால் வித்தியாசம் வருகிறது. தலைப்பை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றாதீர்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுக் கடிதமாக எழுதுகிறேன்.

1988-இல் லான்செட் இதழில் ஐசிஸ்-2 ஆய்வு வெளிவந்தது. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். ஆஸ்பிரின் பெற்றவர்களிடம் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தநாளக் காரணங்களால் நேர்ந்த சாவு 23 சதவீதம் குறைந்தது. உட்பிரிவு வாரியான பகுப்பாய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்று காட்டுவதற்காக, ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த தேதிப்படி, மேலைநாட்டுக் கணக்கில், ராசி வாரியாகப் பிரித்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல் செய்ததுபோல் தெரிந்தது. மற்ற ராசிகளுக்கு நல்ல பலன். அதைப் படித்துவிட்டு எந்த இதய மருத்துவரும் ஜாதகம் பார்த்து ஆஸ்பிரின் எழுதத் தொடங்கவில்லை. உங்கள் "நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள்" மட்டும் ஏன் வேறு மாதிரி? கேட்க நியாயமாக இருப்பதால்தான் அது ஆபத்தானது. மருந்துக்கு எந்தப் பலனும் இல்லாதபோதுகூட, ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால் ஏதாவது ஒன்றிலாவது பி மதிப்பு 0.05-க்குக் கீழே வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு.

உட்பிரிவைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. ப்ரோட்டோகாலில் முன்பே எழுதியிருந்தால் அதைச் சொல்லுங்கள். டேட்டா கைக்கு வந்த பிறகு பார்த்தது என்றால், அதையும் எத்தனை பிரிவுகளைப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாசகர் அதை அடுத்த ஆய்வுக்கான கேள்வியாக எடுத்துக்கொள்வார். தலைப்பை மாற்றிவிட்டால் அதையே விடையாக எடுத்துக்கொள்வார்.

"வித்தியாசம் வராத ஆய்வை யார் போடுவார்கள்? அலமாரியில் கிடக்கட்டுமே" என்று உங்கள் சீனியர்கள் சொல்லக்கூடும். அப்படிக் கிடந்த ஓர் ஆய்வின் கதை இது. 1980-இல் பிரிட்டனில், மாரடைப்பு வந்த நூறுக்கும் சற்றுக் குறைவான நோயாளிகளிடம் லார்கெய்னைடு என்ற மருந்தைச் சோதித்தார்கள். மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பு தாறுமாறாவதை அடக்கினால் சாவு குறையும் என்பது அன்றைய நம்பிக்கை. மருந்து துடிப்பை அடக்கத்தான் செய்தது. ஆனால் மருந்து பெற்றவர்களில் ஒன்பது பேர் இறந்தார்கள். பிளசிபோ பெற்றவர்களில் ஒருவர். தற்செயலாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் நினைத்தார்கள். வியாபாரக் காரணங்களால் மருந்தும் கைவிடப்பட்டது. ஆய்வு அச்சேறவில்லை.

அதே வகை மருந்துகள் எண்பதுகளில் பரவலாக எழுதப்பட்டன. அமெரிக்காவில் நடந்த காஸ்ட் ஆய்வின் விவரம் 1991-இல் முழுதாக வந்தபோது, என்கெய்னைடு அல்லது ஃப்ளெகெய்னைடு பெற்ற 755 பேரில் 63 பேரும், பிளசிபோ பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். லார்கெய்னைடு ஆய்வு 1993-இல்தான் வெளிவந்தது. முன்பே வெளியிட்டிருந்தால் அது ஓர் எச்சரிக்கையாக இருந்திருக்கும் என்று அந்த ஆய்வாளர்களே அதில் எழுதினார்கள். பிடிக்காத முடிவை அலமாரியில் வைப்பதற்கு நோயாளிகள் தரும் விலை இது.

நம் மண்ணில் இதற்கு நேர்மாறான முன்னுதாரணங்கள் உண்டு. பிசிஜி தடுப்பூசிக்காகச் செங்கல்பட்டு வட்டாரத்தில் 1968-இல் தொடங்கிய ஆய்வில் சுமார் 2,80,000 பேருக்குத் தடுப்பூசியோ பிளசிபோவோ போடப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைப் பிசிஜி தடுக்கவில்லை என்பது முடிவு. யாரும் எதிர்பார்த்த முடிவு அல்ல, இருந்தும் வெளியிட்டார்கள். 15 ஆண்டு கண்காணிப்பின் விவரத்தையும் 1999-இல் வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுப்பதற்காகப் பிசிஜி இன்றும் போடப்படுகிறது. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று நமக்குப் பிரித்துச் சொன்னதில் அந்த 'வராத' முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்கும் முன்னால், சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 1959-இல் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படியுங்கள். காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த வேண்டுமா, மாத்திரை கொடுத்து வீட்டிலேயே பார்க்கலாமா என்பது கேள்வி. 193 நோயாளிகளை ரேண்டம் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு என்று இருந்தவர்களுக்கும் சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமும் பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பலன். வீட்டில் உள்ளவர்களுக்குத் தொற்று கூடுகிறதா என்றும் ஐந்தாண்டு கவனித்தார்கள், கூடவில்லை. உலகமே காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்கு மாற்றியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அந்த அறிக்கை தொண்ணூறு பக்கங்களுக்கு மேல் ஓடுகிறது. அந்த நீளத்தால்தான், அறுபது ஆண்டு கழித்தும் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்க முடிகிறது.

இனி உங்கள் வரைவு. "நோயாளிகள் ராண்டமைஸ் செய்யப்பட்டனர்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். எப்படி? ஓ.பி. சீட்டு எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தா? அது ரேண்டம் ஆகாது. அடுத்தவர் எந்தப் பிரிவு என்று வார்டில் இருப்பவருக்கு முன்பே தெரிந்தால், உடம்பு மோசமானவரை ஒரு பக்கம் தள்ள மனம் தூண்டும். 1948-இல் பிரிட்டனில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் புள்ளியியலாளர் பிராட்ஃபோர்டு ஹில் மூடிய உறைகளைப் பயன்படுத்தியது இதற்காகத்தான். 1995-இல் ஷுல்ஸும் சகாக்களும் 250 ஆய்வுகளை அலசினார்கள். ஒதுக்கீட்டைச் சரியாக மறைக்காதவை, ஆட்ஸ் ரேஷியோ கணக்கில், சிகிச்சையின் பலனைச் சராசரியாக 41 சதவீதம் மிகைப்படுத்தியிருந்தன. ஆகவே எண்களை யார் உருவாக்கினார், உறையை யார் வைத்திருந்தார், யார் திறந்தார் என்று எழுதுங்கள்.

அடுத்து, அட்டவணையில் பி மதிப்பு மட்டும் நிற்கிறது. எண்ணிக்கை எங்கே? ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். இப்படிச் சொன்னால் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கூடவே நம்பிக்கை இடைவெளியையும் கொடுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் ஒன்றல்ல. இடைவெளி அகலமாக இருந்தால், விடை சொல்ல உங்கள் ஆய்வு சிறியது என்று பொருள். குறுகலாக இருந்தால், பெரிய பலன் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டில் எது என்று உங்கள் வரைவிலிருந்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாவது, காணாமல் போனவர்கள். எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள்? திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், போன் எண் மாறியவர், மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியவர் ஆகிய மூவரையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியாது. கடைசி ஆளின் விவரம்தான் மருந்தைப் பற்றி அதிகம் சொல்லும்.

இதற்கெல்லாம் பட்டியல்கள் இருக்கின்றன. மருத்துவப் பரிசோதனை ஆய்வுகளுக்கு 1996 முதல் கன்சார்ட். கூர்நோக்கு ஆய்வுகளுக்கு 2007 முதல் 22 அம்சங்கள் கொண்ட ஸ்ட்ரோப். கட்டுரையை அனுப்பும் இரவில் டிக் அடிக்கிறவர்களே அதிகம். ப்ரோட்டோகால் எழுதும் நாளிலேயே எடுத்துப் பாருங்கள். அப்போதுதான் எதைக் குறித்துவைக்க வேண்டும் என்று தெரியும். மோசமான திட்டத்தை எந்தப் பட்டியலும் நல்லதாக்காது. ஆனால் அதை மறைக்க முடியாமல் செய்யும். நம் நாட்டில் 2007-இல் தொடங்கிய சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டின் வேலையும் அதுதான். உங்கள் முதன்மை முடிவு என்ன என்று முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே அங்கே பதிந்திருக்கிறீர்கள். தலைப்பை மாற்றினால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க எவருக்கும் சில நிமிடம் போதும்.

பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டும் என்ற நெருக்கடி எனக்கும் தெரியும். புள்ளியியலாளர் டக் ஆல்ட்மன் 1994-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கேட்டது, ஆய்வுகள் குறைவாக வரட்டும், தரமாக வரட்டும், சரியான காரணத்துக்காக நடக்கட்டும் என்பதுதான்.

ஆகவே பழைய தலைப்பையே வையுங்கள். உட்பிரிவைக் கடைசி அட்டவணைக்கு அனுப்புங்கள். விடுபட்ட எண்களைச் சேருங்கள். தீசிஸ் முடிந்ததும், வித்தியாசம் தெரியவில்லை என்ற முடிவோடே ஓர் இதழுக்கு அனுப்புங்கள். ஒன்று மறுத்தால் அடுத்ததற்கு அனுப்புங்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட நோயாளிகளிடம் "இதனால் மற்றவர்களுக்குப் பயன் கிடைக்கும்" என்று சொல்லித்தானே சேர்த்தீர்கள்? அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் ஆசிரியர்