கரிபூனா மொழியும் சிறார் பயிற்சியும்

பிறமொழிச் சொற்களைக் கடன்கொள்வதனால் ஒரு மொழி அழியுமோ? இவ்வினாவிற்குக் கரிபூனா மொழியின் வரலாறு தக்க விடை பகர்கின்றது.

கரீபியக் கடலிலுள்ள செயின்ட் வின்சென்ட் தீவிலே பழங்குடிகளும் ஆப்பிரிக்கரும் கலந்து தோன்றியவர் இம்மக்கள். ஆங்கிலேயர் இவர்களைப் போரில் வென்று, 1797-ஆம் ஆண்டில் ஹொண்டூராஸை அடுத்த ரோவாட்டான் தீவிற்கு நாடு கடத்தினர். இவர்தம் மொழி அரவாக்கு இனத்தது. அபன், பியாமா, உருவா என மூன்றுவரை முன்னோர் சொற்களால் எண்ணுவர். நான்கைக் குறிக்கும் காதுருவும் ஐந்தைக் குறிக்கும் செயிங்குவும் பிரெஞ்சினின்றும் வந்தவை. 'நான்' என்பதனை ஆடவர் 'ஔ' என்றும், மகளிர் 'நுகுயா' என்றும் கூறுதல் மரபு.

கடன்சொல் மிகுந்தும், கடத்தப்பட்டோரிடத்து இம்மொழி நிலைத்தது. 2001-இல் யுனெஸ்கோவும் இதனைப் போற்றியது. தாய்த்தீவில் எஞ்சினோரிடத்தோ வழக்கொழிந்தது. சிறார் நாவில் வழங்காமையே அதற்குக் காரணமாம், கடன்சொல் அன்று.

ஆதலின் அண்மைக் காலத்தே அத்தீவிற் கோடை விடுமுறைகளிற் சிறார் முகாம்கள் நடத்தி, எண்ணும் பாட்டும் முரசும் பயிற்றுவிக்கலாயினர். கடத்தப்பட்டோர் வழித்தோன்றல்களும் ஆசிரியராய் வந்து, தாய்நிலம் இழந்ததனை அதற்கே மீட்டளிக்கின்றனர்.

இலக்கணம் பயிலும் நாம் இதனை உளங்கொள்ளுதல் வேண்டும். ஏடு மொழியைக் காக்கும்; வாழ்விப்பது குழந்தையின் நாவே.